இடுப்பில் துப்பாக்கி, கையில் உரிமம் வேண்டுமா? அமெரிக்காவின் இருநூறாண்டு வாதம்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள கிரீன்வுட் நகரம். 2022ஆம் ஆண்டு ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை மாலை. கடைத்தொகுதியின் உணவங்காடியில் குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கழிவறையிலிருந்து நீளத் துப்பாக்கியுடன் வெளியே வந்த ஓர் இளைஞன் கண்மூடித்தனமாகச் சுட ஆரம்பித்தான். மூன்று பேர் இறந்தனர். அப்போது அங்கே இருந்த 22 வயது வாடிக்கையாளர் ஒருவர், தம் கைத்துப்பாக்கியை எடுத்து ஏறத்தாழ 40 கஜ தூரத்திலிருந்து திருப்பிச் சுட்டார். கொலையாளி விழுந்தான். எல்லாம் பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிட்டதாகப் போலிஸார் கூறினர்.

அந்த வாடிக்கையாளரிடம் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமம் இல்லை. அது தேவையும் இல்லை. உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை வெளியில் கொண்டு செல்லலாம் என்ற சட்டம் இந்தியானாவில் நடப்புக்கு வந்து அன்றோடு பதினாறு நாள்தான் ஆகியிருந்தது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2021 ஜூன் 21ஆம் தேதி, கொலராடோ மாநிலத்தின் அர்வாடா நகரில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே ஒருவன் போலிஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். அருகிலிருந்த பொதுமகன் ஒருவர் ஓடிச்சென்று தம் கைத்துப்பாக்கியால் அவனைச் சுட்டு வீழ்த்தினார். கீழே கிடந்த கொலையாளியின் நீளத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில் வந்து சேர்ந்த இன்னொரு போலிஸ்காரர், இவர்தான் கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். ஊரைக் காப்பாற்றியவர் உயிரிழந்தார். சுட்ட போலிஸ்காரர் மீது குற்றம் சாட்டப்படவில்லை. அந்தக் கணத்தில் அவருக்கு வேறு விதமாகத் தெரிய வழியில்லை என்றே முடிவானது.

ஒரே துணிச்சல், இரண்டு முடிவுகள். கைத்துப்பாக்கியை உரிமமின்றிச் சுமக்கலாமா என்று அமெரிக்கர்கள் வாதிடும்போது, ஒரு தரப்பு கிரீன்வுட்டைக் காட்டுகிறது. மறு தரப்பு அர்வாடாவைக் காட்டுகிறது. துப்பாக்கிச் சட்டம் கடுமையாக உள்ள சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ்வோருக்கு இந்த வாதமே விந்தையாகத் தோன்றலாம். ஆனால், இந்த விந்தைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அதை அறியாமல் அமெரிக்காவைப் புரிந்துகொள்வது கடினம்.

வாதம் எதைப் பற்றியது?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். உரிமமில்லாச் சட்டம் என்றால் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது பொருளன்று. ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றம் புரிந்தவர்கள், குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் போன்றோர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய அரசின் சட்டம் தடுக்கிறது. உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கும்போது, வாங்குபவரின் பின்னணி சோதிக்கப்பட வேண்டும். வாங்குபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். இவை மாறவில்லை.

மாறியது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் இருக்கும் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு தெருவுக்குக் கிளம்பும் முன், அரசாங்கத்திடம் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, கைரேகை கொடுத்து, பயிற்சி வகுப்பில் அமர்ந்து, ஓர் அட்டையைப் பெற வேண்டுமா, வேண்டாமா என்பதே கேள்வி. வேண்டாம் என்பவர்கள், நாட்டின் அரசியல் சாசனமே தங்களுக்கு உரிமம் என்கிறார்கள்.

மறைத்து வைப்பது கோழைத்தனம்

அவர்கள் சொல்லும் சாசனப் பிரிவு 1791ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி உறுதியானது. இரண்டாவது திருத்தம் எனப்படும் அது, ஆங்கிலத்தில் 27 சொற்களே கொண்ட ஒரே வாக்கியம். ஒழுங்கமைந்த மக்கள் படை ஒரு நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது என்று முடிகிறது. முன்பாதியைப் பிடித்துக்கொண்டு ஒரு தரப்பும் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு மறு தரப்பும் வாதிட்டு வருகின்றன.

ஆனால், அந்தத் திருத்தம் வந்து 22 ஆண்டுகளிலேயே, ஆயுதத்தை மறைத்துச் செல்வதற்கு மாநிலங்கள் தடை விதிக்கத் தொடங்கின. கென்டகியும் லூசியானாவும் 1813ஆம் ஆண்டில் அப்படிச் சட்டம் இயற்றின. அந்தக் காலத்து மனப்போக்கு இன்றைக்கு நேர்மாறானது. ஆயுதத்தை எல்லாரும் பார்க்கும்படி வெளிப்படையாகக் கொண்டு செல்பவன் நேர்மையானவன்; உடைக்குள் ஒளித்து வைப்பவன் முதுகில் குத்த நினைப்பவன் என்று கருதினார்கள்.

கென்டகியில் ஒருவர் கைத்தடிக்குள் வாளை மறைத்து எடுத்துச் சென்றார் என்று தண்டிக்கப்பட்டார். அவர் மேல்முறையீடு செய்தார். 1822ஆம் ஆண்டில் அம்மாநில நீதிமன்றம், ஆயுத உரிமையில் சிறிது கை வைத்தாலும் அது உரிமை மீறல்தான் என்று கூறி அவரை விடுவித்தது. மாநிலம் விட்டுவிடவில்லை. 1850ஆம் ஆண்டில் தன் சாசனத்தையே மாற்றி, மறைத்துச் செல்வதைத் தடுக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்குக் கொடுத்தது. ஆக, இன்று தொலைக்காட்சியில் சூடாக நடக்கும் வாதத்துக்கு வயது இருநூறு.

கௌபாய் படங்கள் காட்டாத பலகை

அமெரிக்காவின் மேற்குப் பகுதி என்றதும் கௌபாய் படங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஒவ்வொருவர் இடுப்பிலும் துப்பாக்கி, மதுக்கடை வாசலில் சண்டை. உண்மையான வரலாறு வேறு. கன்சஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில், 1870களின் இறுதியில் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்றில், துப்பாக்கி எடுத்துச் செல்வது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது என்ற அறிவிப்புப் பலகை தெருவில் நிற்கிறது.

அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரமும் 1881 ஏப்ரலில் அப்படியொரு விதியை இயற்றியது. ஊருக்குள் வருபவர்கள் ஆயுதத்தை ஒப்படைத்துவிட வேண்டும். அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் தேதி, அந்த விதியை மீறி ஆயுதத்துடன் திரிந்தவர்களிடமிருந்து அதைப் பறிக்க நகரின் காவல் தலைவர் வெர்ஜில் எர்ப் தம் சகோதரர்களுடன் சென்றார். அரை நிமிட அளவே நீடித்த அந்தச் சண்டையில் மூவர் இறந்தனர். ஓகே கோரல் சண்டை என்று எத்தனையோ திரைப்படங்களில் வந்தது இதுதான். துப்பாக்கிச் சுதந்திரத்தின் அடையாளமாகப் படம் காட்டும் அந்தச் சண்டை, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை நிலைநாட்டப் போய் மூண்டது என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டு மாநிலங்கள், இரண்டு வழிகள்

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பாதை இரண்டாகப் பிரிந்தது. வெர்மாண்ட் மாநிலத்தின் ரட்லண்ட் நகரில், மேயர் அல்லது போலிஸ் தலைவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதம் எடுத்துச் செல்லக் கூடாது என்ற விதி இருந்தது. 1903ஆம் ஆண்டில் வெர்மாண்ட் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அன்று முதல் இன்று வரை வெர்மாண்ட்டில் அப்படி ஓர் உரிமமே கிடையாது. உரிமம் இன்றிச் சுமப்பதை நெடுங்காலம் 'வெர்மாண்ட் முறை' என்றே அழைத்தனர்.

நியூயார்க் வேறு வழியில் சென்றது. 1911ஆம் ஆண்டில் டிமதி சல்லிவன் என்ற அரசியல்வாதியின் பெயரால் வழங்கும் சட்டம் அங்கே வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கவே உரிமம் வேண்டும். வெளியில் எடுத்துச் செல்ல விரும்பினால் தக்க காரணம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை பின்னர் சேர்ந்தது. காரணம் தக்கதா இல்லையா என்று முடிவு செய்பவர் அதிகாரி.

இந்த 'அதிகாரி முடிவு செய்வார்' என்ற சொல்லில்தான் வாதத்தின் உயிர்நாடி இருக்கிறது.

யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது?

உள்நாட்டுப் போர் முடிந்து, 1865இல் அடிமைகள் விடுதலை பெற்றபோது, மிசிசிப்பி போன்ற தென்மாநிலங்கள் உடனே ஒரு காரியம் செய்தன. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டன. பிறகு 1868ஆம் ஆண்டில் சாசனத்தின் பதினான்காவது திருத்தம் வந்து, எல்லாருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு என்றது. இனத்தின் பெயரைச் சொல்லிச் சட்டம் எழுத முடியாமல் போயிற்று. அதன்பின் உரிமம் என்ற சொல் கைகொடுத்தது.

ஃபுளோரிடாவில் 1893ஆம் ஆண்டில் வந்த துப்பாக்கி உரிமச் சட்டம் இதற்குச் சான்று. அது பற்றிய வழக்கு ஒன்று 1941ஆம் ஆண்டில் அம்மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி ஒருவர் மூடி மறைக்காமல் எழுதினார். கறுப்பினத் தொழிலாளர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கவே அந்தச் சட்டம் இயற்றப்பட்டது என்றும், வெள்ளையர்கள் மீது அதைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்ததே இல்லை என்றும் அவர் பதிவு செய்தார்.

1956ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், அலபாமாவின் மோண்ட்கோமரி நகரில் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர். கிங் அதிகாரிகளிடம் சென்று, துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டார். மறுக்கப்பட்டது. வீட்டில் குண்டு விழுந்த மனிதருக்குக் கிடைக்காத உரிமம் வேறு யாருக்குத்தான் கிடைக்கும்? பின்னர் காந்தியடிகளின் அகிம்சை வழியில் உறுதிப்பட்ட கிங், வீட்டிலிருந்த துப்பாக்கியையும் விலக்கிவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1968 ஏப்ரலில், துப்பாக்கிக் குண்டுக்கே அவர் பலியானார். அந்த ஒரு வாழ்க்கையிலேயே இரு தரப்பின் வாதமும் அடங்கியிருக்கிறது.

1967 மே மாதம் கலிஃபோர்னியாவில், கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின இயக்கத்தினர் கையில் துப்பாக்கியுடன் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தனர். குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் சுமப்பதற்குத் தடை விதிக்கும் மசோதா அப்போது பரிசீலனையில் இருந்தது. அது விரைந்து சட்டமானது. கையெழுத்திட்டவர், பின்னாளில் துப்பாக்கி உரிமை ஆதரவாளர்களின் பேரன்பைப் பெற்ற ஆளுநர் ரோனல்ட் ரேகன்.

உரிம முறையே வேண்டாம் என்று இன்று சொல்வோர் இந்த வரலாற்றை மேடைதோறும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதை எளிதில் ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால், எதிர்த்தரப்பின் கேள்வியும் நியாயமானது: ஓர் அதிகாரி பாரபட்சம் காட்டினால் பாரபட்சத்தை ஒழிக்க வேண்டுமா, தேர்வையே ஒழிக்க வேண்டுமா?

காரில் விட்டுவந்த துப்பாக்கி

1987ஆம் ஆண்டில் ஃபுளோரிடா ஒரு நடுவழியைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியது. வயது, குற்றப் பின்னணி, பயிற்சி ஆகிய தகுதிகள் இருந்தால் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும். அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை என்பது அந்தச் சட்டம். மாநிலம் மாநிலமாக அது பரவியது.

டெக்சஸ் அந்த வழிக்கு வந்ததற்கு ஒரு சோகம் காரணம். 1991 அக்டோபர் 16ஆம் தேதி, கிலீன் நகரில் உள்ள லூபீஸ் உணவகத்துக்குள் சரக்கு வாகனத்தை ஓட்டி நுழைத்த ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். சுசானா ஹப் என்ற பெண்மணி அங்கே பெற்றோருடன் உணவருந்திக்கொண்டிருந்தார். அவரிடம் சொந்தத் துப்பாக்கி இருந்தது. ஆனால் மறைத்து எடுத்துச் செல்வது சட்டவிரோதம் என்பதால் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தந்தையும் தாயும் அங்கே மாண்டனர். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததே தம் குற்றம் என்று அவர் பின்னர் மாநிலந்தோறும் சென்று சாட்சி சொன்னார். 1995ஆம் ஆண்டில் அன்றைய ஆளுநர் ஜார்ஜ் புஷ் டெக்சஸ் உரிமச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு ஹப் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஒன்று இருபத்தொன்பது ஆன கதை

ஒரு நூற்றாண்டு வெர்மாண்ட் தனித்தே நின்றது. 2003ஆம் ஆண்டில் அலாஸ்கா அதனுடன் சேர்ந்தது. 2010இல் அரிசோனா. பிறகு மடை திறந்தது. கன்சஸ், மேய்ன் 2015இல்; மிசிசிப்பி, ஐடஹோ 2016இல். மேற்கு வர்ஜீனியாவிலும் மிசூரியிலும் ஆளுநர்கள் மறுப்பு தெரிவித்தும், சட்டமன்றங்கள் அதை முறியடித்தன. 2021இல் டெக்சஸ், டென்னசி உள்ளிட்டவை, 2022இல் ஒஹாயோ, இந்தியானா, ஜார்ஜியா, 2023இல் ஃபுளோரிடா, 2024இல் தென் கரோலினா, லூசியானா. 1813ஆம் ஆண்டில் மறைத்துச் செல்வதைத் தடுத்த அதே கென்டகியும் 2019ஆம் ஆண்டிலேயே இந்தப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. 2024ஆம் ஆண்டு முடிவில், 50 மாநிலங்களில் 29 மாநிலங்கள் உரிமம் தேவையில்லை என்று கூறிவிட்டன.

நீதிமன்றமும் இடையில் பேசியது. ஆயுத உரிமை தனிமனிதருக்கும் உண்டு என்று 2008ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2022 ஜூன் 23ஆம் தேதி, நியூயார்க்கின் 'தக்க காரணம்' நிபந்தனை செல்லாது என்று 6க்கு 3 என்று தீர்ப்பானது. நூறாண்டுக் கட்டுப்பாடு சரிந்தது. எனினும், உரிமமே கூடாது என்று நீதிமன்றம் கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பின்னணிச் சோதனையும் பயிற்சியும் கேட்கும் உரிம முறைக்கு இடம் உண்டு. ஆகவே, 29 மாநிலங்கள் உரிமத்தைக் கைவிட்டது நீதிமன்றக் கட்டாயத்தால் நிகழ்ந்ததன்று. அவை தாமே தேர்ந்தெடுத்த வழி அது.

போலிஸார் ஏன் எதிர்த்தனர்?

துப்பாக்கி விவகாரத்தில் பழமைவாதிகளுடன் நிற்பதாகக் கருதப்படும் போலிஸ் அமைப்புகள் பல, இந்தச் சட்டங்களை எதிர்த்தன. டெக்சசில் போலிஸ் தலைவர்களே சட்டமன்றத்துக்குச் சென்று வேண்டாம் என்றனர். ஒஹாயோவின் போலிஸ் சங்கமும் எதிர்த்தது. சாலையில் ஒரு காரை நிறுத்தும்போது, ஓட்டுநர் உரிமம் பெற்று வகுப்பில் பயின்றவரா, நேற்றுத்தான் துப்பாக்கி வாங்கியவரா என்று போலிஸ்காரருக்கு எப்படித் தெரியும் என்பது அவர்களின் கவலை. ஒஹாயோவில் அதுவரை எட்டு மணி நேரப் பயிற்சி கட்டாயமாக இருந்தது. டெக்சசில் நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பும் சுடும் தேர்வும் இருந்தன. துப்பாக்கியை எப்போது எடுக்கக் கூடாது என்று கற்றுக்கொடுத்ததும் அந்த வகுப்பே.

ஆதரவாளர்களின் பதில் இது. குற்றவாளி எவனும் உரிமம் வாங்கப் போவதில்லை. மனு, கட்டணம், கைரேகை, விடுப்பு எடுத்து வகுப்பு என்று அலைய வேண்டியவர் இரவு வேலை முடிந்து தனியாக வீடு திரும்பும் ஏழைப் பெண்தான். டெக்சசில் 2017ஆம் ஆண்டு வரை உரிமக் கட்டணம் 140 டாலர். பணமுள்ளவருக்குத் தற்காப்பு, இல்லாதவருக்குக் காத்திருப்பு என்பது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்தக் குறையை உணர்ந்த தென் கரோலினா, உரிமத்தைக் கைவிட்டபோதே இலவசப் பயிற்சி வகுப்புக்கும் ஏற்பாடு செய்தது. ஆனால், வகுப்புக்குப் போவது அவரவர் விருப்பம்.

உரிமம் மட்டுமே காப்பாற்றும் என்றும் சொல்வதற்கில்லை. 2016 ஜூலையில் மின்னசோட்டா மாநிலத்தில் காரை நிறுத்திய போலிஸ்காரரிடம், தம்மிடம் துப்பாக்கி இருப்பதாக 32 வயது கறுப்பினத்தவர் ஒருவர் முறையாகத் தெரிவித்தார். உரிமமும் வைத்திருந்தார். சில விநாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் போலிஸ்காரரை நடுவர் குழு விடுதலை செய்தது. அட்டை எல்லாரையும் சமமாகக் காப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஜான் லாட் என்ற பொருளியலாளர் 1990களின் பிற்பகுதியில், துப்பாக்கி சுமப்பவர் பெருகினால் குற்றம் குறையும் என்று ஆய்வு வெளியிட்டார். 2004ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு அதைச் சோதித்து, குறைகிறது என்றோ கூடுகிறது என்றோ உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றது. 2019ஆம் ஆண்டில் ஸ்டேன்ஃபோர்டு பேராசிரியர் ஜான் டோனஹியூ குழுவினரின் ஆய்வு, மறைத்துச் சுமக்கும் உரிமையைத் தளர்த்திய மாநிலங்களில் பத்தாண்டு கழித்து வன்குற்றம் 13 முதல் 15 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது என்றது. இவை பெரும்பாலும் உரிமம் எளிதாகக் கிடைத்த காலத்தைப் பற்றியவை. உரிமமே இல்லாத நிலை பெரும்பாலான மாநிலங்களில் 2015க்குப் பின் வந்தது என்பதால், அதன் முழு விளைவை அளக்கக் காலம் பிடிக்கும்.

ஓர் எண்ணிக்கை மட்டும் இரு தரப்பும் மறுக்காதது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். துப்பாக்கி பறித்த உயிர்களில் பாதிக்கும் மேற்பட்டவை இப்படித் தாமே மாய்த்துக்கொண்டவை.

இன்னும் மூடப்படாத முகப்பு

உரிமம் தேவையில்லை என்ற மாநிலங்களிலும் உரிம அலுவலகங்கள் மூடப்படவில்லை. காரணம் எளிது. உரிமம் கேட்கும் பக்கத்து மாநிலத்துக்குச் செல்பவருக்கு அட்டை வேண்டும். பள்ளிகளைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்திய அரசின் சட்டம், அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்களிக்கிறது. உரிமமின்றிச் சுமப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. மாநிலச் சட்டப்படி குற்றமில்லாத ஒருவர், ஒரு தெருமுனை திரும்பியதும் மத்திய சட்டத்தை மீறியவராகிவிடக் கூடும்.

அரிசோனாவில் உரிமம் நீக்கப்பட்ட மறு ஆண்டு, 2011 ஜனவரி 8ஆம் தேதி, டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் சுடப்பட்டார். ஆறு பேர் இறந்தனர். கொலையாளியை மடக்கியவர்கள் கையில் ஆயுதம் இல்லாத பொதுமக்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த இளைஞர் ஒருவரின் சட்டைப் பையில் துப்பாக்கி இருந்தது. ஒருவர் கையில் துப்பாக்கியைப் பார்த்ததும் அவரையே கொலையாளி என்று எண்ணினார். உண்மையில் அவர் கொலையாளியிடமிருந்து அதைப் பறித்தவர். இளைஞர் தம் துப்பாக்கியை வெளியே எடுக்கவில்லை. ஒரு நொடி பொறுத்தார். ஓர் உயிர் பிழைத்தது.

அந்த ஒரு நொடிப் பொறுமையை அட்டையால் தர முடியாது. அட்டை இல்லாத சட்டமும் தராது. அதைக் கற்றுத் தரும் எட்டு மணி நேர வகுப்பை வேண்டாம் என்று தள்ளலாமா என்பதும், அந்த வகுப்பின் வாசலில் யாரை விடுவது என்று ஓர் அதிகாரி முடிவு செய்யலாமா என்பதும் அமெரிக்கர்களின் முன்னுள்ள இரண்டு கேள்விகள். முதலாவதைக் கேட்கும்போது அர்வாடாவை மறக்கக் கூடாது. இரண்டாவதைக் கேட்கும்போது, 1956இல் வெடிகுண்டு விழுந்த வீட்டிலிருந்து மனுவோடு போய் வெறுங்கையோடு திரும்பிய அந்த மனிதரை மறக்கக் கூடாது.